தெரியாத இடத்துக்குக் கண் எப்படிப் போகும்?

வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயைப் பற்றி வந்திருந்த கடிதங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தேன். சொட்டு மருந்து, ஆபரேஷன் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் வேறு விஷயம். எதிரில் இருப்பதைப் பார்க்காமல் போகிறார், தேடிய பொருள் கண் முன்னாலேயே கிடந்தது, படிக்கும்போது வரி தவறுகிறது, இப்படி. இவை எல்லாமே கண் எப்படி அசைகிறது என்பதோடு சம்பந்தப்பட்டவை, அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 67. நான்கு வருடமாகக் கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். பரிசோதனைக்குப் போனால் போர்டில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுகிறார், பார்வை நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் வீட்டில் மேஜை மேல் இருக்கும் மூக்குக் கண்ணாடிகூட அவர் கண்ணில் படுவதில்லை. பக்கத்தில் வந்து நிற்கும் பேரனைக் கவனிக்காமல் திரும்பி இடித்துவிடுகிறார். வேண்டுமென்றே அலட்சியமாக இருக்கிறார் என்று எனக்குக் கோபம் வருகிறது, தினமும் சண்டை. இது கண்ணா, மனசா டாக்டர்?

பதில்: கண்தான் அம்மா. முதலில் சண்டையை நிறுத்துங்கள், அவர்மேல் தப்பே இல்லை.

போர்டில் எழுத்து படிப்பது பார்வையின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கிற சோதனை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த நகத்தின் அகலம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தைத்தான் நம் கண் ஒரு நேரத்தில் மிகத் துல்லியமாகப் பார்க்கிறது. சுற்றி இருப்பதெல்லாம் மங்கல்தான். அப்புறம் எப்படி அறை முழுவதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது? கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பதால். நொடிக்குச் சுமார் மூன்று தாவல். ஓர் இடத்தில் கால் நொடி நிற்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குப் போகும், அங்கே கால் நொடி நிற்கும். தாவும் அந்தக் கண நேரத்தில் மூளை காட்சியை அடக்கிவைத்துவிடுவதால் உலகம் ஆடுவதாக நமக்குத் தோன்றுவதில்லை.

சரி, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்வது? ஓரப்பார்வைதான். மேஜையின் இடது மூலையில் ஏதோ பளபளக்கிறது, வாசல் பக்கம் ஏதோ அசைகிறது என்று அது அரைகுறையாக ஒரு சேதி கொடுக்கும். கண் அங்கே போய் நின்று, ஓ, மூக்குக் கண்ணாடி, ஓ, பேரன் என்று தெரிந்துகொள்ளும். கிளாக்கோமா பெரும்பாலானவர்களுக்கு முதலில் கை வைப்பது இந்த ஓரப்பார்வையில். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. நோய் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வருகிறது, நடுப்பார்வைக்கு உரியவை பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் உங்கள் கணவர் கடைசி வரி எழுத்தைப் படிக்கிறார், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளைத் தவறவிடுகிறார். அங்கே ஒன்று இருக்கிறது என்ற சேதியே வராதபோது கண் அங்கே போகாது. போகாத இடத்தில் இருப்பது தெரியாது.

என் அம்மாவுக்கும் இதே நோய். ஒரு நாள் மத்தியானம் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்கோலை இடது முழங்காலுக்குப் பக்கத்தில் பாயில் வைத்தவர் அவரேதான். நூலை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். அவர் கண் பித்தானுக்குப் போனது, ஊசிப் பெட்டிக்குப் போனது, ஜன்னல் பக்கம், மறுபடி பெட்டி, என் முகம், மறுபடி பெட்டி. அதே நான்கைந்து இடங்களையே சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, கீழே இடது பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. "இதோ இங்கதானே இருக்கு அம்மா" என்று நான் கொஞ்சம் எரிச்சலோடு எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி அவருடைய பழைய கண் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு கண்ணிலும் கீழே இடது பக்கப் பார்வைதான் போயிருந்தது. அந்த எரிச்சல் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை: அவர் பொருள்களுக்கு நிரந்தரமாக ஓர் இடம் வையுங்கள். மேஜையின் நிறமும் அதன்மேல் வைக்கும் பொருளின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டாம், கறுப்பு மேஜையில் கறுப்புக் கண்ணாடிக் கூடு என்றால் நல்ல கண்ணே தடுமாறும். பக்கவாட்டில் வந்து நிற்காமல் குரல் கொடுத்துவிட்டு வரும்படி பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேடும்போது மேஜையின் ஒரு மூலையில் தொடங்கி, பெருக்குவது போல வரிசையாகக் கண்ணை ஓட்டும்படி அவரிடம் சொல்லுங்கள். கண் தானாகப் போகாத இடத்துக்கு மனசு அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பழகப் பழக வரும்.

கேள்வி: கிளாக்கோமா வந்தவர்களுக்குக் கறுப்புக் குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். எனக்கு நோய் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் எந்தக் கறுப்பும் தெரியவில்லை. டாக்டர் தவறாகச் சொல்லியிருப்பாரோ?

பதில்: படம்தான் தவறு. அந்தப் படத்தை நம்பி, நமக்குத்தான் கறுப்பு எதுவும் தெரியவில்லையே என்று சொட்டு மருந்தை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத்தாளில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதற்கு வலது பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளிச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே பார்த்தபடி தாளை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் புள்ளி மறைந்துவிடும். மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது? ஓட்டையா, இருட்டா? இரண்டும் இல்லை, வெள்ளைத்தாள்தான் தெரியும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே ஒளியை உணரும் செல்கள் கிடையாது, பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் உள்ள குருட்டுப் புள்ளி. சுற்றி இருப்பதை வைத்து மூளை அதை ஒட்டுப் போட்டு மூடிவிடுகிறது. கிளாக்கோமாவில் போன இடங்களையும் மூளை கிட்டத்தட்ட இப்படித்தான் மூடுகிறது. போதாததற்கு ஒரு கண்ணில் போன இடத்தை மற்ற கண் பார்த்துக்கொள்ளும், கண்ணும் அசைந்துகொண்டே இருக்கும், பிறகு எப்படித் தெரியும்?

லண்டனில் 50 நோயாளிகளிடம் பல விதமான படங்களைக் காட்டி, உங்களுக்குத் தெரிவது இதில் எது போல இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். 2013-இல் அந்த ஆய்வு வெளியானது. கறுப்புக் குழாய் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிப் பேர் சில இடங்கள் மங்கலாக இருப்பதாகச் சொன்னார்கள், சிலர் சில பொருள்கள் காணாமல் போவதாகச் சொன்னார்கள், கால்வாசிப் பேருக்குக் குறை இருப்பதே தெரியவில்லை. உங்களைப் போல.

கேள்வி: நான் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) படிக்கிறேன். கிளாக்கோமா நோயாளிகள் அன்றாடக் காட்சிகளைப் பார்க்கும்போது அவர்கள் கண் எப்படி அசைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். திரைக்குக் கீழே கேமரா வைத்து, கண் எங்கே நின்றது, எங்கே தாவியது என்று பதிவு செய்கிற ஐ டிராக்கர் கருவி வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா உள்ள 30 பேரும், அதே வயதுள்ள, பார்வை நன்றாக உள்ள 30 பேரும் சாதாரணப் புகைப்படங்களைப் பார்த்தார்கள். எதையும் தேடச் சொல்லவில்லை, சும்மா பார்த்தால் போதும். நோயாளிகளின் கண் சராசரியாக 7 சதவீதம் குறைவாகத் தாவியது. படத்தில் கண் சுற்றி வந்த பரப்பு இன்னும் சுருங்கியிருந்தது, 23 சதவீதம் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் போய்ப் பார்த்த சில இடங்களுக்கு, பார்வைக் குறை அதிகம் உள்ளவர்களின் கண் போகாமலே இருந்ததும் ஓரளவு தெரிந்தது.

ஆனால் தாவல் எப்போதும் குறையும் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 2010-இல் ஒரு சின்ன ஆய்வில், 9 நோயாளிகளுக்குச் சாலையில் கார் போகிற வீடியோவைக் காட்டி ஆபத்து வந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அங்கே அவர்கள் கண் மற்றவர்களைவிட அதிகமாகத் தாவியது! எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. சும்மா பார்க்கும்போது ஓரப்பார்வை கூப்பிட்டால்தான் கண் போகும், கூப்பிடவில்லை என்றால் இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆபத்தைக் கண்டுபிடி என்று வேலை கொடுத்துவிட்டால் மனசு விரட்டுகிறது, கண் இங்கும் அங்கும் ஓடித் துழாவுகிறது. நோயாளிக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியின் அடிப்படையே இந்த வித்தியாசம்தான். முகங்களை அடையாளம் காண்பதிலும் இதே போல, நோய் முற்றியவர்களில் பெரிய தாவலாகக் கண்ணை நகர்த்தியவர்கள் நன்றாகச் செய்ததாக ஓர் ஆய்வு உண்டு. 2014-இல் இன்னொன்று: டிவி, சினிமாக் காட்சிகளைப் பார்க்கவிட்டு, கண் போன பாதையை மட்டும் வைத்து யாருக்கு நோய் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைத்தார்கள், நோயாளிகளில் சுமார் முக்கால்வாசிப் பேரை அது சரியாகச் சொன்னது. நோயைக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனைக்குப் பதிலாக இதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் நோய் கண்ணின் நடையிலேயே பதிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

படிக்கிற பிள்ளை என்பதால் இன்னொரு விஷயம். படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, நின்று நின்று தாவுகிறது என்று 1870களின் கடைசியில் எழுதியவர் பிரான்ஸ் நாட்டுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜாவால். கண் அசைவு பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அந்த மனிதரையே கிளாக்கோமா பிடித்தது. 1900 வாக்கில் முழுப் பார்வையும் போய்விட்டது. அதற்குப் பிறகும் உட்கார்ந்து, பார்வை இழந்தவர்கள் எப்படி அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளலாம் என்று ஒரு புத்தகம் எழுதி 1903-இல் வெளியிட்டார்.

கேள்வி: ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்பைச் சோதிப்பது) எடுக்கும்போது கண்ணை அசைக்கவே கூடாது என்கிறார்கள். நிஜத்தில் யார் அப்படிப் பார்க்கிறார்கள்? அந்த டெஸ்டால் என்ன பிரயோஜனம்?

பதில்: நியாயமான கேள்வி. அந்த இயந்திரம் கேட்பது, விழித்திரையில் இந்தக் குறிப்பிட்ட இடம் உயிரோடு இருக்கிறதா என்று. நீங்கள் நடு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஓரத்தில் மினுக்கும் வெளிச்சம் விழித்திரையில் எந்த இடத்தில் விழுந்தது என்று அதற்குத் தெரியும். கண் திரும்பிவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பு. அதனால்தான் நடுநடுவே உங்கள் குருட்டுப் புள்ளியில் ஒரு வெளிச்சத்தைப் போட்டுப் பார்க்கிறது, அது தெரிந்ததாகப் பட்டனை அழுத்தினால் உங்கள் கண் அலைகிறது என்று குறித்துக்கொள்ளும். (பாதி வெளிச்சம் தெரியாத மாதிரி வைப்பதுதான் அந்த டெஸ்டின் முறை, அதனால் தெரியவில்லையே என்று பதற வேண்டாம்.) நோய் நின்றிருக்கிறதா, நகர்கிறதா என்று பார்க்க இதுதான் நம்பகமான வழி, தவறாமல் எடுங்கள்.

ஆனால் அது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்கிறது, அசையாமல் சோதிக்கிறது, வாழ்க்கையோ இரண்டு கண்ணாலும் அசைந்து அசைந்து பார்ப்பது. ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தடுமாறுவார், இன்னொருவர் சமாளிப்பார். ஆகவே டாக்டரிடம் போகும்போது வீட்டில் எங்கே இடிக்கிறீர்கள், எதைத் தட்டிவிடுகிறீர்கள், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் இதைச் சொல்லாது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். படிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனால் மறுபடி அதே வரிக்கு வந்துவிடுகிறேன். கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: கண்ணாடியால் சரியாகிற விஷயம் இல்லை இது. வரி முடிந்ததும் கண் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு ஒரு நீண்ட தாவல் தாவ வேண்டும், அடுத்த வரியின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று இடது பக்க ஓரப்பார்வை காட்டினால்தான் சரியான இடத்தில் இறங்கும். உங்களுக்கு அந்தப் பக்கம் குறைந்திருக்கலாம். வலது பக்கம் குறைந்தவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி: அடுத்த சொல் முன்கூட்டித் தெரியாததால் கண் குட்டிக் குட்டித் தாவலாகப் போகும், நாலு பக்கத்துக்குள் களைத்துவிடுவார்கள்.

இடது கை ஆள்காட்டி விரலை வரியின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி முடிய முடிய ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். அல்லது ஒரு கறுப்பு அட்டையை வரிக்கு அடியில் வைத்து நகர்த்துங்கள். பின்னாலிருந்து தோள் வழியாகத் தாளில் விழுகிற மாதிரி நல்ல விளக்கு வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்: பார்வை வட்டம் மிகவும் சுருங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் அந்த வட்டத்துக்குள் இரண்டு எழுத்துதான் அடங்கும், வேகம் இன்னும் குறையும். போனிலோ டேப்லெட்டிலோ வரி நீளத்தைக் குறைத்துப் படித்துப் பாருங்கள், தாவ வேண்டிய தூரமே குறைந்துவிடும்.

கேள்வி: படி இறங்கும்போது மட்டும் பயமாக இருக்கிறது, ஏறும்போது இல்லை. ஏன்?

பதில்: கீழ்ப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள். விழுவதற்கு அதிகம் காரணமாவது அதுதான். நேரே பார்த்து நடக்கும்போதே அடுத்த அடி வைக்கும் இடத்தைக் கீழ்ப்பார்வை நமக்குத் தெரியாமலே கவனித்துக்கொள்கிறது. அது போய்விட்டால் தலையைக் குனிந்து பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். கைப்பிடியை விடாதீர்கள். படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். பைஃபோகல், ப்ரோகிரசிவ் கண்ணாடி போட்டிருந்தால் அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, படியை மங்கலாக்கும், நடப்பதற்குத் தனியாகத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அப்பா இன்னும் கார் ஓட்டுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: எழுத்து நன்றாகப் படிக்கிறார் என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், கிளாக்கோமா என்ற பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு கண்ணையும் சேர்த்து எவ்வளவு பரப்பு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ஓரத்திலிருந்து வரும் சைக்கிளோ நடப்பவரோ திடீரென்று முளைத்த மாதிரி அவர் திடுக்கிட்டால், அன்றைக்கே சாவியை வாங்கி வையுங்கள்.

கேள்வி: கண்ணைச் சுழற்றும் பயிற்சி செய்தால் கிளாக்கோமா குணமாகுமா?

பதில்: ஆகாது. போன நரம்பு திரும்பாது, சொட்டு மருந்தும் லேசரும் ஆபரேஷனும் கண் அழுத்தத்தைக் குறைத்து, இருப்பதைக் காப்பாற்றத்தான். நான் மேலே சொன்ன பெருக்குகிற மாதிரிப் பார்வை, மிச்சப் பார்வையை நன்றாகப் பயன்படுத்தும் பழக்கம், அதைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். தலைகீழாக நிற்கும் ஆசனத்தை மட்டும் கட்டாயம் விட்டுவிடுங்கள், நிற்கும் நேரத்தில் கண் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது.

கேள்வி: அம்மாவுக்குக் கிளாக்கோமா. எனக்கு 41 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போதே பார்க்க வேண்டுமா?

பதில்: இப்போதே. தொந்தரவு தெரிகிறபோது நிறையப் போயிருக்கும் என்பதை மேலே உள்ள கடிதங்களிலேயே பார்த்தீர்கள். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் காத்திருக்கக் கூடாது. கிட்டப்பார்வை அதிகம் இருந்தாலும், ஸ்டீராய்டு மருந்து நாள்கணக்கில் எடுத்திருந்தாலும் அதையும் சொல்லுங்கள். கண் அழுத்தம் மட்டும் பார்த்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கிறது என்று அனுப்பினால் திருப்தியாகிவிடாதீர்கள், அழுத்தம் சாதாரணமாக இருந்தும் இந்த நோய் வருவதுண்டு. பார்வை நரம்பையும் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் பாப்பாவை (கருவிழியின் நடுவில் உள்ள துளையை) விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் வெளிச்சம் கூசலாகவும் இருக்கும். அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கூட வருபவர் உங்கள் அண்ணனாகவோ தங்கையாகவோ இருந்தால் அவர்களுக்கும் அதே நாளில் பார்த்துவிடலாம்.